பன்னிரண்டாம் எண்ணுக்கு இரண்டு துளி

அண்ணன் கூரைமேல் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் ஒரு கண்ணை மேலேயும் வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

"வருதா?"

"வரல!"

"இப்ப?"

"ஒரே புள்ளி புள்ளியா இருக்கு!"

"இப்ப?"

"ஆளுங்க தெரியறாங்க. தலை மட்டும் இல்ல!"

"உனக்கு அது போதும், அப்படியே பாரு!"

கீழே அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்: "விழுந்து தொலைக்காதடா நெஜாத், மாவுக் கையோட என்னால ஓடி வர முடியாது!"

கடைசியில் படம் பளிச்சென்று வந்தது. கால்பந்தில் அன்று யார் யாரோடு ஆடினார்கள் என்பது மறந்துவிட்டது. அவன் ஏணியில் இறங்கி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு லாரிகள் வந்தன. எங்கள் ஊர் யாசிக்காவிலிருந்து பன்னிரண்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1992 மே மாதம், யுத்தம் தொடங்கிய நேரம். அவனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினான்கு.

அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது பதினோரு வருடம் கழித்து வந்த ஒரு வாரத்தை. வாழ்க்கையில் நான் அதிகமாகச் சிரித்தது அந்த வாரத்தில்தான்.

2003இல் துஸ்லாவில் உயிரியல் படித்து முடித்ததும் எனக்கு ஆறு மாதப் பயிற்சி வேலை கிடைத்தது. புதைகுழிகளிலிருந்து வரும் எலும்புகளுக்கு அடையாளம் கண்டுபிடித்து, ஹேக் நகரத்தில் நடக்கும் போர்க்குற்ற வழக்குகளுக்குச் சாட்சியக் கோப்பு தயாரிக்கிற இடம். அம்மா ஊரெல்லாம் "என் பொண்ணு சர்வதேசக் கோர்ட்டுல வேலை பாக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த வேலை, பல் துலக்கும் பிரஷ்ஷால் எலும்பு கழுவுவது. கழுவி, உலர்த்தி, மேசையில் தலை முதல் கால் வரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, காகிதப் பையில் வைத்து, கையெழுத்துப் போட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவரும் கையெழுத்துப் போடுவார். ஒரு விரல் எலும்பு ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போக நான்கு கையெழுத்து.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலைமுடியில் அந்த வாசனை போகாது. அதில் ஒரு வசதி இருந்தது. எவ்வளவு நெரிசலான பஸ்ஸிலும் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும்.

எங்களுக்கு என்றால் எனக்கும் வேத்ரானுக்கும். வேத்ரானும் என்னைப் போலப் பயிற்சிக்கு வந்தவன், துஸ்லாக்காரன். வாயில் ஒரு ரகசியம் தங்காது. அவனிடம் அவனைவிட ஒரே ஒரு வயது குறைந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் இருந்தது. அதன் வலது கதவு உள்ளிருந்து திறக்காது, இடது கதவு வெளியிலிருந்து திறக்காது. காப்பி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் சிரிப்போம். கண்ணீர் வரச் சிரிப்போம். உள்ளே மேசைகளில் கிடந்தவர்களும் எங்கள் வயதுக்காரர்கள்தான், உயிரோடு இருந்தால் அவர்களும் எங்களோடு சேர்ந்திருப்பார்கள் என்று வேத்ரான் சொல்வான்.

எங்கள் மேலதிகாரி ஹென்ரிக். டென்மார்க்காரர், இரண்டு மீட்டர் உயரம். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டவர், அதனால் புத்தகம் போலவே பேசுவார். வசந்தகாலத்தில் யாசிக்காவுக்கு மேலே கைவிடப்பட்ட கல் குவாரியில் ஒரு குழி கிடைத்தபோது என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"சும்ரா அவர்களே, இது உங்கள் ஊர். நீங்கள் இந்த எலும்புகளைத் தொடக் கூடாது. பார்க்கவும் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இதைக் கழுவியவர் இறந்தவரின் தங்கையா என்று கேட்பார். அப்போது கோப்பு முழுவதும் கீழே விழுந்துவிடும்."

நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் என் ஊர் கிழக்கு அறையில் கிடந்தது, நான் மேற்கு அறையில் வேறு யாருடைய ஊரையோ கழுவினேன். குழியில் பன்னிரண்டு பேர். உறவினர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே அட்டையில் துளியாக விட்டுக் கொடுத்திருந்த இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, மூன்று, ஏழு, பதினொன்று. அம்மா பதினொரு வீட்டுக்கும் காப்பித்தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போய்வந்தாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் தகவல் கொண்டு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை காப்பி அறையில் வேத்ரான் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லாத."

"சொல்லலன்னா நான் செத்துருவேன்டி."

"செத்தா உன் எலும்பை நானே கழுவறேன். சொல்லு."

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்தான். "பன்னெண்டாவது ஆள் யாரோடயும் ஒட்டல. சின்ன வயசுப் பையன், இருபதுக்குள்ள. உங்கம்மா ரத்தத்தோட வச்சுப் பாத்தோம். மகன் இல்ல. உன்னோடதோட வச்சுப் பாத்தோம். அண்ணன் இல்ல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஹேக்குக்குப் பட்டியல் போகுது. அதுக்குள்ள பேரு கிடைக்கலன்னா 'அடையாளம் தெரியாத ஆண்'னு போட்டு கோப்பை மூடிருவாங்க."

லாரியில் ஏறியவர்களை நான் ஜன்னலிலிருந்து எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு பேர்தான். பதினோரு பேருக்குப் பெயர் வந்துவிட்டது. மிச்சம் ஒரு எலும்புக்கூடு, ஒரு குடும்பம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் விடை தப்பு என்று இரத்தம் சொல்கிறது.

சாயங்காலம், ஊரை விட்டு வந்தபின் துஸ்லாவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனபோது அம்மா சாப்பாட்டு மேசை முழுவதும் துணி விரித்து பீத்தா என்கிற அடுக்குப் பலகாரத்துக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தாள். புறங்கையை மாவுக்கு அடியில் விட்டு, மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, அடியிலிருக்கும் துணியின் பூ தெரியும்வரை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக் கூடாது. நான் பேசினேன்.

"அம்மா, நெஜாத் உன் பிள்ளைதானே?"

"இதென்னடி கேள்வி."

"நீ பெத்த பிள்ளையா?"

"பெத்தது உன்னைத்தான். அவனுக்குப் பால் குடுத்தேன்." மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, மேசையின் அடுத்த மூலைக்குப் போனாள்.

 அவள் மாவிலிருந்து கண்ணை எடுக்காமலே மிச்சத்தையும் சொன்னாள். எழுபத்து மூன்றில் அவளுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பால் நிற்கவில்லை. அதே வாரம் பக்கத்து வீட்டுத் தேவ்லாவுக்கு இரட்டைப் பிள்ளை, ஒரு சொட்டுப் பால் இல்லை. மூன்றாம் நாள் தேவ்லா சால்வையில் சுற்றி ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"குண்டா இருந்த பொண்ண அவ வச்சுக்கிட்டா. பையன் இத்துனூண்டு. 'பொழைச்சா உனக்கு, இது என்னுதுன்னு இனி ஒரு நாளும் வாயத் திறக்க மாட்டேன்'னு ரொட்டிமேல கை வச்சுச் சத்தியம் பண்ணினா. சண்டைக்கு முன்னாடியே போய்ச்சேர்ந்த உங்கப்பாவும் அவ புருசன் ராகிப்பும் பட்டணத்துக்குப் போய் ஆளுக்கு ஒண்ணா எழுதிட்டு வந்துட்டாங்க. அவ்வளவுதான்."

"இதை எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"சரி, ரத்தம் எடுக்க வந்தவங்ககிட்ட ஏன் தாய்னு சொன்ன?"

"தாய்தானே."

"அம்மா! ரத்தம் தேவ்லா அத்தையோடதும்மா!"

அம்மா நின்றாள். முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். படிக்க வைத்த காசெல்லாம் வீணா என்று கேட்கும் பார்வை. "அதெப்படி அவளோடதாகும்? ரெண்டு வருசம் என் பாலைத்தான் குடிச்சான். மொத ஆறு மாசம் வேற ஒண்ணும் உள்ள போகல. உள்ள போன பால் ரத்தமாகாம பின்ன என்னவாகும்? நாலு வருசம் இதைத்தானே படிச்ச?"

நான்கு வருடம் அதைத்தான் படித்தேன். இரத்தப் பாடத்தில் முழு மதிப்பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. உலகத்திலேயே பெரிய பெரிய இயந்திரங்கள், டென்மார்க்கிலிருந்து ஆள், நான்கு நான்கு கையெழுத்து. அத்தனையையும் என் அம்மா ஒரு வார்த்தையில் மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறாள். மேசையைத் தட்டிச் சிரித்தேன். மாவு நடுவில் கிழிந்தது.

"மாவைக் கிழிச்சிட்டியே, பிசாசே!" என்று கத்தியவள், நான் நிறுத்தாததைப் பார்த்துத் தானும் சிரிக்கத் தொடங்கினாள், எதற்கென்று தெரியாமலே.

"அம்மா, அவன் கிடைச்சிட்டான் போலிருக்கு," என்றேன்.

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க?"

"எங்க ஆபீஸ்லதான். எனக்கு ரெண்டு அறை தள்ளி."

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா."

விரலில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி எடுத்தாள். பிறகு, "அப்ப தினமும் அண்ணனும் தங்கச்சியும் ஒரே எடத்துலதான் இருந்திருக்கீங்க," என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்ததென்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

தேவ்லாவும் ராகிப்பும் உயிரோடு இருந்தார்கள். லாரிகள் வந்த அன்று ராகிப் ஸ்லோவேனியாவில் வேலையில் இருந்ததால் தப்பியவர். அவர்கள் மகள் ஆஸ்திரியாவில் இருந்தாள். இவர்கள் இருவரும் அப்போது ஒரு மணி நேரத் தொலைவில் கிராச்சானிட்சாவில், அடுக்குமாடியில். ஆனால் அம்மாவுக்கும் தேவ்லாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எண்பத்தெட்டில் எல்லையில் நின்ற அக்ரூட் மரத்தின் கிளையை ராகிப் வெட்டியதிலிருந்து.

"அந்த மரமே எரிஞ்சு போச்சேம்மா."

"மரம் எரிஞ்சது. நியாயம் எரியலையே."

செவ்வாய்க்கிழமை காலை வேத்ரானோடு ஹென்ரிக் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேத்ரானைப் பார்த்தார். வேத்ரான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நீங்கள் இதை அறிந்திருக்கக் கூடாது," என்றார் என்னிடம். "இவர் இதைக் கூறியிருக்கக் கூடாது. நான் இதற்காகக் கோபப்படுவேன். ஆனால் திங்கட்கிழமை கோபப்படுவேன். இந்த வாரம் நேரம் இல்லை."

ஏற்பாடு எழுத்தில் தயாரானது. இரத்தம் எடுப்பது வேத்ரான், சாட்சி ஹென்ரிக். நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, வாசற்படியில்கூட.

"எங்கம்மா?" என்றேன்.

"உங்கள் அம்மா சுதந்திரமான குடிமகள்."

ஆபீஸ் வண்டிகளெல்லாம் புதைகுழி வேலைக்குப் போயிருந்தன. மிஞ்சியது வேத்ரானின் கோல்ஃப். ஹென்ரிக் பின்சீட்டில் நான்காக மடிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா, மடியில் தட்டு நிறையச் சுடச்சுட பீத்தா. பகையாளி வீட்டுக்குக்கூட வெறுங்கையோடு போகக் கூடாது என்று அன்று காலையிலேயே, கிழிந்ததற்குப் பதிலாகப் புது மாவு இழுத்திருந்தாள்.

முதல் வளைவிலேயே தட்டு சரிந்தது.

"மதிப்புக்குரிய அம்மையாரே," என்றார் ஹென்ரிக், "உங்கள் பலகாரம் என் முழங்காலை எரிக்கிறது."

"அப்ப தின்னு தீருங்க டாக்டர். கால் மட்டும் இவ்வளவு நீளம், உடம்புல ஒண்ணும் இல்ல. உங்கூர்ல சாப்பாடு போடறதில்லையா?"

அவர் தின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போதும், போதும், தேவ்லாவுக்கு மிச்சம் வேணும்," என்று அவர் கையில் ஓர் அடி போட்டாள். சர்வதேச நீதியின் பிரதிநிதி கையை மடக்கிக்கொண்டார். வேத்ரான் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு ஆட்டு மந்தைக்குள் போய் நின்றது.

கிராச்சானிட்சாவில் ஹென்ரிக்கும் வேத்ரானும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார்கள். நான் சட்டப்படி கீழே நின்றேன். அம்மா சட்டம் இல்லாமலே கீழே நின்றாள். வண்டியில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மேலே ஏற மாட்டேன் என்று விட்டாள்.

பத்து நிமிடத்தில் மேல் ஜன்னலில் வேத்ரானின் தலை தெரிந்தது.

"குடுக்க மாட்டேங்கறாங்க! உங்கம்மா ஷெஃபிகா கீழ நிக்கிறாங்களான்னு கேக்கறாங்க!"

அவன் தலையைத் தள்ளிக்கொண்டு முக்காடு போட்ட இன்னொரு தலை வந்தது.

"ஏய் ஷெஃபிகா! மேல வரக் கால் இல்லையா உனக்கு?"

"கால் இருக்குடி! கிளை வெட்டினவங்க வீட்டுப் படியை அது ஏறாது!"

"கிளை எங்க பக்கம் இருந்தது!"

"வேரு எங்க பக்கம் இருந்தது!"

பால்கனிகளில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த பெண்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடியில் பனியன் போட்ட ஒருவர் எட்டிப் பார்த்து, "எந்தக் கிளைங்க? இங்க மரமே இல்லையே?" என்று கேட்டார். "நீங்க சும்மா இருங்க!" என்று மேலேயும் கீழேயும் இருந்து ஒரே குரலில் பதில் போனது. பதினைந்து வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பக்கத்து ஜன்னலில் ஹென்ரிக் தோன்றினார். "அன்புள்ள பெண்மணிகளே, இன்று செவ்வாய்க்கிழமை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது தேவ்லா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் மூன்று மாடிக்குக் கேட்கிற குரல்தான். "ஷெஃபிகா. எனக்கு ஊசிக்குப் பயமில்ல. ரத்தம் எடுக்கற வண்டி இந்த ஊருக்கு நாலு தடவை வந்துது. நாலு தடவையும் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். என்னுதுன்னு சொல்ல மாட்டேன்னு ரொட்டிமேல கை வச்சவ நான். ரத்தம் குடுத்தா அது சொன்ன மாதிரிதானே? அவன் எங்க கிடக்கறானோன்னு... நீதான் அந்த வாக்குலேர்ந்து என்னை விடணும். அதுக்குத்தான் மேல வான்னேன்."

 பனியன்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா தட்டை என் கையில் கொடுத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். எங்களில் பெரிய பயணத்துக்கு முன்போ சாவுக்கு முன்போ ஒருவரிடம் ஒருவர் ஹலால் கேட்போம், கொடுத்ததும் வாங்கியதும் மனத்தாங்கல் இல்லாமல் நேராகிவிட்டது என்று. பிள்ளைக்குக் கொடுத்த பாலைக்கூடத் தாய் வாயால் சொல்லித்தான் ஹலால் ஆக்குவாள்.

"நான் குடுத்த பால் அவனுக்கு ஹலால்!" என்று அம்மா மேலே பார்த்துக் கூவினாள். "நீ குடுத்த பிள்ளை எனக்கு ஹலாலா?"

"ஹலால்!"

"அப்ப உன் வாக்கும் ஹலால்! விட்டுட்டேன், போ! விரலை நீட்டுடி பைத்தியக்காரி, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்!"

"கிளை?"

"கிளை ஹலால் இல்ல!"

எந்தப் பால்கனியிலோ ஒரு பெண் கை தட்டினாள். இன்னொருத்தி அழுதுகொண்டே கம்பளத்தைத் தட்டத் தொடங்கினாள். மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கி வந்தது. கடைக்காரனிடம் ரொட்டி வாங்குகிற கூடை. அம்மா பீத்தாத் தட்டை அதில் வைத்து, "ரெண்டு கையாலயும் இழு, எண்ணெய் சிந்தும்," என்றாள். தட்டு ஆடி ஆடி மேலே போனது.

கொஞ்ச நேரத்தில் மேலே தொம்மென்று ஒரு சத்தம். கண்ணாடிகள் அதிர்ந்தன.

"தேவ்லா அத்தை ரத்தம் எடுத்தாச்சு!" என்று வேத்ரான் கத்தினான். "ராகிப் மாமா விழுந்துட்டார்!"

ராகிப் நூற்றுப் பத்துக் கிலோ. சுரங்கத்தில் வெடி வைத்தவர்.

ஹென்ரிக் ஜன்னலுக்கு வந்தார். "நபர் தரையில் இருக்கிறார். நபர் உயிருடன் இருக்கிறார்."

"ஊசி குத்தியாச்சா?" என்றாள் அம்மா.

"இல்லை. நபர் ஊசியின் உறையைப் பார்த்து விழுந்தார்."

"விழுந்தவர் விரல்லயே குத்திருங்களேன்! அவருக்கும் தெரியாது, வேலையும் முடியும்!"

"மயங்கியவர் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட முடியாது."

அதனால் எல்லோரும் ராகிப் எழுந்திருக்கும்வரை காத்திருந்தோம். அரை மணி நேரம். பனியன்காரர் அம்மாவுக்கும் எனக்கும் கீழே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மரம் எந்த ஊரில் இருந்தது என்று மரியாதையாகக் கேட்டார். ஒருவழியாக ராகிப் கண்ணை மூடிக்கொண்டு, தேவ்லாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விரலை நீட்டினாராம். அட்டையில் இரண்டாவது துளியும் விழுந்தது. கையெழுத்து, முத்திரை, நேரம்: பிற்பகல் ஒன்று இருபது.

புதன், வியாழன். எனக்கு வேலையில் மனம் பதியவில்லை. யாரோ ஒருவருடைய தாடை எலும்பை மூன்று தடவை கழுவினேன். ஹென்ரிக் வேத்ரானை என்னோடு பேசக் கூடாது என்று தடுத்திருந்தார். அவன் தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினான். சாப்பாட்டு நேரத்தில்கூட அப்படியே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படிச் சாப்பிட்டான் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அம்மா வந்துவிட்டாள். யாரும் அழைக்கவில்லை. முற்றத்து பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று ஆனது. அம்மா எதிர்ச் சுவரில் எத்தனை செங்கல் என்று எண்ணத் தொடங்கினாள். மூன்றரை. நான் முதன்முறையாகப் பயந்தேன். அம்மா சொன்ன கதையில் எங்காவது ஒரு பிசகு இருந்து, எண்ணிக்கையில் நான் சிறுபிள்ளையாகத் தப்பு செய்து, அந்தப் பையன் வேறு யாராகவோ இருந்தால்? வேறு யாராகவோ இருந்தால் நாங்கள் இந்த பெஞ்சிலேயே இன்னொரு பதினோரு வருடம் உட்கார வேண்டியதுதான்.

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. ஹென்ரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஜூலை மாதத்தில் கோட்டு. கையில் ஒரு தாள். அம்மா எழுந்து நின்றாள்.

"ஷெஃபிகா அவர்களே. பன்னிரண்டாம் எண்ணுக்கு இப்போது பெயர் உண்டு."

"என்ன பேரு?"

அவளுக்குத் தெரியாதா. அவர் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும், தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பள்ளிப் பிள்ளை மாதிரி படித்தார்.

"நெஜாத் மெஷானோவிச். பிறந்த ஊர் யாசிக்கா."

பின்னாலிருந்து வேத்ரான் வாயிலிருந்து கையை எடுத்து ஒரு ஊளை விட்டான். மூன்று நாள் அடக்கி வைத்தது. அம்மா சிரித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பிணவறை முற்றத்தில், வெள்ளை அங்கியோடு, பைத்தியம் மாதிரி. அம்மாவின் கைப்பை விழுந்து திறந்து சீப்பும் சாவியும் உருண்டன. ஹென்ரிக் குனிந்து பொறுக்கினார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பட்டியல் நான்கு மணிக்குப் போனது. பன்னிரண்டு பெயர்களோடு.

அதன்பிறகு நான் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பத்தார் கையெழுத்துப் போடும் தாளில் கையெழுத்துப் போட்டு, கிழக்கு அறைக்குள் தங்கையாகப் போனேன். அம்மா மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நெற்றியில் கை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு, "கழுவினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா," என்றான் வேத்ரான், முதல் முறையாக ஒரு வார்த்தையில்.

அவன் இரண்டு கைகளையும் எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். "காதுக்குப் பின்னால அழுக்கைத் தேய்க்கவே விட மாட்டான். எவ்வளவு அடிச்சிருக்கேன். நீ நல்லா கழுவியிருக்க."

திரும்பி வரும்போது ஹென்ரிக் ஒரு படிவத்தோடு தயங்கி நின்றார். ஆய்வின்படி அம்மாவின் இரத்தம் இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது, அதை நீக்க அவள் அனுமதி வேண்டும் என்றார்.

"தொடர்பில்லாததா?" அம்மா கைப்பையைத் திறந்தாள். ஊரை விட்டு ஓடியபோது உள்சட்டையில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த காகிதங்கள் அதில்தான் இருந்தன. அவற்றிலிருந்து மடங்கிப்போன ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் நெஜாத் இரத்த தானம் செய்தபோது கொடுத்த அட்டை. "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"ஓ பாசிட்டிவ்," என்று ஹென்ரிக் படித்தார்.

"சும்ரா, உன்னுது என்ன?"

"அது அப்படியில்லம்மா, இங்க மூணுல ஒருத்தருக்கு..."

"உன்னுது என்னன்னு கேட்டேன்."

"ஓ பாசிட்டிவ்."

"பாத்தீங்களா," என்றாள் அம்மா ஹென்ரிக்கிடம். "ரெண்டும் ஒரே பால்."

ஹென்ரிக் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார். "தகவல் சரியானது," என்றார். படிவத்தை இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது பிறகு என்னவானது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே கோபப்பட்டார், பத்து நிமிடம்.

அந்தக் கோடையில் பன்னிரண்டு பேரையும் யாசிக்காவில் அடக்கம் செய்தோம். ராகிப் முன்பக்கம் தோள் கொடுத்தார், இந்த முறை விழவில்லை. இப்போது அவரும் இல்லை, தேவ்லாவும் இல்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. வேத்ரான் அதே இடத்தில் பெரிய பதவியில் இருக்கிறான், ரகசியம் காக்கிறானாம். நான் நம்பவில்லை.

அட்டை என்னிடம் இருக்கிறது. நெஜாத்தின் இரத்தம் ஓ பாசிட்டிவ். என்னுடையதும் ஓ பாசிட்டிவ்.